நீச்சல் குளத்து சப்பேனல்: பச்சைத் திருகு, எர்த் ராடு, 8 கேஜ் செம்புக் கம்பி

புதுக்குளத்தான் (ஆஸ்டின், டெக்சஸ்)

அனைவருக்கும் வணக்கம். ஆஸ்டினுக்கு மேற்கே உள்ள எங்கள் வீட்டின் பின்புறத்தில் கன்னைட் வகை (கம்பிக்கூட்டின் மேல் கான்கிரீட்டைப் பீச்சியடித்துக் கட்டும்) நீச்சல் குளம் ஒன்று கட்டப்பட்டு வருகிறது. கம்பிக்கூடு கட்டி ஷெல் (குளத்தின் கான்கிரீட் ஓடு) அடித்தாகிவிட்டது. சுற்றுத் தளத்துக்கான கான்கிரீட் அடுத்த வாரம் போடப்படும். பம்பு, ஹீட்டர், உப்பு குளோரினேட்டர், விளக்கு ஆகிய அனைத்துக்கும் மின்சாரம் தரும் சப்பேனல் (மெயின் பேனலிலிருந்து மின்சாரம் பெறும் துணை பிரேக்கர் பெட்டி), வீட்டிலிருந்து ஏறத்தாழ 70 அடி தொலைவில், இயந்திரங்கள் நிற்கும் மேடைக்குப் பக்கத்தில் இரண்டு இரும்புக் கால்களின் மேல் பொருத்தப்பட்டிருக்கிறது. மெயின் பேனலில் 60 ஆம்பியர் இரட்டை பிரேக்கரிலிருந்து பிவிசி பைப் வழியாக நான்கு கம்பிகள் வருகின்றன: இரண்டு ஃபேஸ், ஒரு நியூட்ரல், ஒரு பச்சை எர்த்.

ஒப்பந்ததாரர் அனுப்பிய எலக்ட்ரீஷியன் சப்பேனலுக்குள் நியூட்ரல் பாரையும் (நியூட்ரல் கம்பிகளை மாட்டும் உலோகப் பட்டை) பெட்டியையும் இணைக்கும் பச்சைத் திருகை முறுக்கி வைத்திருக்கிறார். கேட்டபோது, மெயின் பேனலில் நியூட்ரலும் எர்த்தும் ஒன்றாகத்தானே இருக்கின்றன, இங்கும் ஒன்றாக இருந்தால் என்ன என்று திருப்பிக் கேட்டார். அதோடு, குளத்தைச் சுற்றி ஓடும் 8 கேஜ் வெறும் செம்புக் கம்பியைக் கொண்டுபோய் ஒரு எர்த் ராடில் (மண்ணுக்குள் அடிக்கும் உலோகத் தண்டு) கட்டிவிட்டால் குளம் பாதுகாப்பாகிவிடும் என்றும் சொன்னார். இந்த இரண்டும் சரிதானா என்பதைக் கான்கிரீட் போடுவதற்குள் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கம்பிவடம் (ஹூஸ்டன், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்)

திருகைக் கழற்றச் சொல்லுங்கள். இதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை. நியூட்ரலும் எர்த்தும் ஒரே ஓர் இடத்தில்தான் சேர வேண்டும். அது மின்வாரியத்தின் கம்பி வீட்டுக்குள் நுழையும் முதல் துண்டிப்பானில் (மெயின் ஸ்விட்ச்). அதற்கு அப்பால் உள்ள ஒவ்வொரு பேனலிலும் நியூட்ரல் பார் பெட்டியின் உலோகத்தைத் தொடாமல் பிளாஸ்டிக் தாங்கியின் மேல் தனியாக நிற்க வேண்டும். எர்த் பார் பெட்டியோடு சேர்ந்திருக்க வேண்டும். இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். அண்மைக் காலத்தில் கட்டிய வீடுகள் பலவற்றில் முதல் துண்டிப்பான் மீட்டரோடு வெளிச்சுவரில் இருக்கும். அப்படியானால் வீட்டுக்குள் மெயின் பேனல் என்று நாம் அழைக்கும் பெட்டியே ஒரு சப்பேனல்தான்; அங்கும் இரண்டும் பிரிந்தே இருக்க வேண்டும்.

இரண்டு இடத்தில் சேர்த்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். உங்கள் நியூட்ரல் 6 கேஜ், பச்சை எர்த் 10 கேஜ் என்று வைத்துக்கொள்வோம் (கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிமனாகும்). 60 ஆம்பியர் பிரேக்கருக்குச் செம்பு எர்த் கம்பி குறைந்தது 10 கேஜ் இருக்க வேண்டும் என்பதே விதி. 120 வோல்ட்டில் ஓடும் ஏதோ ஒரு கருவி நியூட்ரலில் 10 ஆம்பியர் திருப்பி அனுப்புகிறது. இரு முனையிலும் இணைந்துவிட்டதால் அந்த மின்னோட்டம் இரண்டு கம்பிகளிலும் பிரிந்து, ஏறக்குறைய 7 ஆம்பியர் நியூட்ரலிலும் 3 ஆம்பியர் எர்த்திலும் ஓடும். பழுது ஏற்பட்டால் மட்டுமே மின்சாரத்தைக் காண வேண்டிய பச்சைக் கம்பியில் நாள் முழுவதும் மின்னோட்டம் இருக்கும். அந்தப் பச்சைக் கம்பிதான் பம்பின் உலோக உடலைத் தொடுகிறது. பம்பின் உடலை 8 கேஜ் கம்பி தொடுகிறது. 8 கேஜ் கம்பி குளத்தின் கம்பிக்கூட்டைத் தொடுகிறது. ஈரக் கான்கிரீட்டுக்குள் புதைந்த அந்தக் கூடு மண்ணோடு நன்றாக ஒட்டியிருப்பதால் அந்த மின்னோட்டத்தில் ஒரு சிறு பங்கு குளத்தின் வழியாக மண்ணுக்குள்ளும் இறங்கும்.

இதைவிட மோசமான நிலை, தளர்ந்த திருகினாலோ துருவினாலோ நியூட்ரல் அறுந்துபோவது. பிரித்து வைத்த பேனலில் நியூட்ரல் அறுந்தால் 120 வோல்ட் கருவிகள் தாறுமாறாக நடந்து உடனே காட்டிக்கொடுத்துவிடும். சேர்த்து வைத்த பேனலில் எதுவும் தெரியாது. முழு மின்னோட்டமும் எர்த் கம்பிக்கு மாறி எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு அந்த எர்த் இணைப்பும் ஒருநாள் கெட்டால், குளத்தைச் சுற்றியுள்ள உலோகம் அனைத்தும் 120 வோல்ட்டை நோக்கி உயரும். யாரும் ஒரு ஸ்விட்சைத் தவறாகத் தொட வேண்டியதே இல்லை.

மின்வாரிய ஓய்வாளர் (திருச்சி, தற்போது மகன் வீட்டில், பிளேனோ)

தம்பி சொல்லும் பிரிவினையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எர்த் ராடை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. நம் ஊரில் வீடு கட்டினால் முதலில் எர்த் குழி தோண்டி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றிக்கூடப் பாதுகாக்கிறோம். மோட்டார் ஷெட்டுக்குத் தனிக் குழி போடுகிறோம். தண்ணீருக்குள் மனிதன் இறங்கும் இடத்தில் மண்ணோடு வலுவான தொடர்பு வேண்டாம் என்று சொல்வது எனக்குப் பிடிபடவில்லை. 8 கேஜ் கம்பியை ராடில் கட்டுவதால் நன்மை இல்லாவிட்டாலும் தீமை என்ன?

கம்பிவடம்

ஐயா, உங்கள் கேள்வியை இங்கே பல பொறியாளர்களும் கேட்கிறார்கள், ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இங்குள்ள விதி ஒரு ராடிடம் எதிர்பார்ப்பது 25 ஓம் அல்லது அதற்குக் குறைவான தடை. அது கிடைக்காவிட்டால் குறைந்தது 6 அடி தள்ளி இரண்டாவது ராடு அடித்தால் போதும். சரியாக 25 ஓம் என்றே வைத்துக்கொள்வோம். பம்புக்குள் ஃபேஸ் கம்பி உடலைத் தொட்டுவிட்டது. பச்சைக் கம்பி இல்லை. ராடு மட்டும் இருக்கிறது. 120 வோல்ட்டை 25 ஓமால் வகுத்தால் 4.8 ஆம்பியர். 20 ஆம்பியர் பிரேக்கர் இதை ஒரு சிறு விளக்குச் சுமையாகவே எண்ணிக்கொண்டு என்றென்றைக்கும் அப்படியே நிற்கும். பம்பின் உடல் 120 வோல்ட்டுக்கு அருகிலேயே நிற்கும். அதே பழுது நடக்கும்போது 10 கேஜ் பச்சைக் கம்பி இருந்தால், 70 அடிப் பாதையின் தடை ஓமில் ஒரு சிறு பின்னம்தான் என்பதால் பல நூறு ஆம்பியர் பாய்ந்து பிரேக்கர் கண்ணிமைக்கும் நேரத்தில் விழும். பழுது மின்னோட்டம் மண்ணைத் தேடி ஓடவில்லை. அது புறப்பட்ட டிரான்ஸ்ஃபார்மருக்கே திரும்பிப் போகப் பார்க்கிறது. அதற்குக் கம்பியால் பாதை போட்டுக் கொடுப்பதுதான் நம் வேலை.

தமிழ்நாட்டில் குழிக்கு அந்த முக்கியத்துவம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அங்கே வீட்டுக்கு ஃபேஸும் நியூட்ரலும் மட்டுமே கம்பத்திலிருந்து வருகின்றன. எர்த் வீட்டுக்காரருடைய சொந்தக் குழி. பழுது மின்னோட்டம் மண் வழியாகவே டிரான்ஸ்ஃபார்மரின் எர்த்துக்குத் திரும்ப வேண்டியிருப்பதால் குழி நன்றாக இருந்தாக வேண்டும். அப்படியும் ஃபியூஸ் போகும் அளவுக்கு மின்னோட்டம் வராது என்பதால்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் கருவி) கட்டாயமானது. இங்கே நியூட்ரலும் எர்த்தும் வீட்டு வாசலிலேயே சேர்ந்துவிடுவதால் பழுதுக்கு உலோகப் பாதை கிடைத்துவிடுகிறது. அமைப்பே வேறு.

இனி 8 கேஜ் கம்பி. அதன் வேலை பிரேக்கரை விழவைப்பது அன்று. தண்ணீர், தண்ணீரில் நிற்பவரின் கை எட்டும் உலோகம், அவர் ஈரக் காலோடு மிதிக்கும் தளம் ஆகிய மூன்றும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதே அதன் வேலை. அந்த அழுத்தம் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. வேறுபாடு இல்லாமல் இருந்தால் போதும். என்.இ.சி. (அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பு) 680.26 பிரிவு, இந்தக் கம்பியைத் தொலைவில் உள்ள பேனலுக்கோ, சர்வீஸுக்கோ, எர்த் ராடுக்கோ நீட்ட வேண்டியதில்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ராடில் கட்டினால் தீமை என்ன என்று கேட்டீர்கள். மின்சார வகையில் பெரிய தீமை இல்லை. பல டன் ஈரக் கான்கிரீட்டும் அதற்குள் இரும்பும் ஏற்கெனவே மண்ணில் உட்கார்ந்திருக்கும்போது ஓர் 8 அடி ராடு கூடுதலாகத் தருவது சொற்பம். ராடு அடித்தாயிற்று என்ற நிம்மதியில் தளத்துக்கடியில் ஓட வேண்டிய அந்த 8 கேஜ் வளையத்தை அரைகுறையாக விட்டுவிடுவதைத்தான் நான் தீமை என்பேன். அப்படி விடப்பட்ட குளங்கள் நிறையவே இருக்கின்றன.

வாணி_என்ஜே (நியூ ஜெர்சி)

இந்த இழையைப் படித்தபோது எங்கள் வீட்டு நிகழ்வுக்கு விளக்கம் கிடைக்கும் போலத் தோன்றுகிறது. நாங்கள் வாங்கிய பழைய வீட்டில் ஏற்கெனவே குளம் இருந்தது. ஈரமான தளத்தில் நின்றுகொண்டு கையைத் தண்ணீருக்குள் விட்டால் விரல்களில் மெல்லிய கூச்சம் ஏறும். கைப்பிடிக் குழாயைப் பிடித்தாலும் அப்படியே. தண்ணீருக்குள் முழுவதுமாக இறங்கிவிட்டால் ஒன்றும் தெரியாது. எலக்ட்ரீஷியன் வந்து முதலில் பம்பின் பிரேக்கரை அணைத்தார். பிறகு வீட்டின் மெயினையே அணைத்தார். அப்போதும் கூச்சம் போகவில்லை. வீட்டில் மின்சாரமே இல்லாதபோது அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் எங்களுக்குப் புதிராக இருக்கிறது.

கம்பிவடம்

அம்மா, கூச்சம் தொடரும் வரை யாரையும் குளத்துப் பக்கம் விடாதீர்கள். மின்வாரியத்தை அழைத்து நியூட்ரலைச் சோதிக்கச் சொல்லுங்கள். முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

மெயினை அணைத்தால் ஃபேஸ்கள் மட்டுமே துண்டிக்கப்படுகின்றன. நியூட்ரல் துண்டிக்கப்படுவதில்லை. இந்த நாட்டின் விநியோக அமைப்பில் உயர் அழுத்தப் பக்க நியூட்ரலும் வீட்டுப் பக்க நியூட்ரலும் பொதுவாக இணைக்கப்பட்டு, வழிநெடுகக் கம்பங்களில் மண்ணோடு சேர்க்கப்பட்டிருக்கின்றன. தெரு முழுவதின் மின்னோட்டமும் அந்த நியூட்ரலில் திரும்பும்போது அதன் நீளத்தில் சில வோல்ட் இழப்பு உண்டாகிறது. அதனால் உங்கள் வீட்டு நியூட்ரல் தொலைவில் உள்ள மண்ணைவிடச் சில வோல்ட் உயர்ந்து நிற்கலாம். அந்தச் சில வோல்ட் பச்சைக் கம்பி வழியாகப் பம்புக்கும், பம்பிலிருந்து குளத்து உலோகத்துக்கும், அங்கிருந்து தண்ணீருக்கும் வந்து சேரும். காலடியில் உள்ள தளம் அந்த வலையோடு சேராமல் வெறும் மண்ணின் அழுத்தத்தில் இருந்தால் உங்கள் உடல் இரண்டுக்கும் நடுவே பாலமாகிறது. முழுவதும் தண்ணீருக்குள் இருக்கும்போது தொடுவதெல்லாம் ஒரே அழுத்தம். அதனால்தான் அப்போது கூச்சம் தெரிவதில்லை. நீங்கள் எழுதிய அடையாளம் சுற்றுத் தளத்தின் பாண்டிங் (எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தில் வைக்கும் இணைப்பு) இல்லை அல்லது அறுந்துவிட்டது என்பதையே காட்டுகிறது. மின்வாரியத்தின் நியூட்ரல் இணைப்பு ஏதேனும் தளர்ந்திருந்தால் அந்தச் சில வோல்ட் பன்மடங்காகும் என்பதால்தான் முதல் அழைப்பு அவர்களுக்கு என்றேன்.

ஐயாவுக்கும் ஒரு சொல்: இந்த வீட்டில் எத்தனை ராடு அடித்தாலும் காலடித் தளம் தண்ணீரின் அழுத்தத்துக்கு வராது.

மின்வாரிய ஓய்வாளர்

இந்த விளக்கம் எனக்குப் பொருந்துகிறது. துணைமின் நிலையங்களில் நாங்கள் தரைக்கடியில் செம்பு அல்லது இரும்புப் பட்டைகளை வலைபோலப் பரப்பி, வேலை செய்பவரின் கைக்கும் காலுக்கும் இடையே அழுத்த வேறுபாடு வராமல் பார்த்துக்கொள்வது இதே தத்துவம்தான். குளத்தின் வளையத்தை அந்த வகையில் புரிந்துகொள்கிறேன்.

ஆனாலும் புதுக்குளத்தானுக்கு ராடு வேண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன், குளத்துக்காக அன்று, சப்பேனலுக்காக. வீட்டுச் சுவரில் இல்லாமல் தனியாக நிற்கும் அமைப்புக்கு ஃபீடர் (மெயினிலிருந்து பேனலுக்குப் போகும் கம்பிகள்) போனால் அங்கே ஓர் எர்த் எலக்ட்ரோடு வேண்டும் என்று என்.இ.சி. 250.32 சொல்கிறதல்லவா?

கம்பிவடம்

சொல்கிறது. இரண்டு இரும்புக் கால்களின் மேல் நிற்கும் ஒரு பேனல் தனிக் கட்டமைப்பா, வெறும் உபகரணமா என்பதில் இன்ஸ்பெக்டர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. நான் விவாதிப்பதில்லை, ராடை அடித்துவிடுவேன். சப்பேனலின் எர்த் பாரிலிருந்து 6 கேஜ் செம்புக் கம்பி ராடுக்குப் போகட்டும். அது இடியையும் உயர் அழுத்த எழுச்சியையும் கருதிச் செய்வது. நியூட்ரல் பாரிலிருந்து மட்டும் அந்தக் கம்பி போகக்கூடாது. பேனல் வீட்டுச் சுவரிலேயே இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

புதுக்குளத்தான்

இருவருக்கும் நன்றி. சில ஐயங்கள் மீதமிருக்கின்றன. பச்சைத் திருகைக் கழற்றிய பிறகு மல்டிமீட்டரால் நியூட்ரல் பாருக்கும் எர்த் பாருக்கும் இடையே சோதித்தேன். அப்போதும் தொடர்ச்சி இருப்பதாக ஒலி எழுப்புகிறது. திருகைத் தவிர வேறெங்காவது இணைப்பு இருக்கிறதா? அடுத்தது, எங்கள் பகுதியில் ஒன்றரை அடிக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. 8 அடி ராடு இறங்காது. எலக்ட்ரீஷியன் மிச்சத்தை அறுத்துவிடலாம் என்கிறார். மூன்றாவதாக, தளத்துக்கடியில் கம்பியை எங்கே, எப்படி ஓடவிட வேண்டும் என்பதைச் சற்றுத் தெளிவாக எழுத முடியுமா?

கம்பிவடம்

மீட்டர் ஒலித்ததில் வியப்பில்லை. நியூட்ரலும் எர்த்தும் மெயினில் சேர்ந்திருக்கின்றன அல்லவா? நீங்கள் 70 அடி போய் 70 அடி திரும்பி வந்த பாதையை அளந்திருக்கிறீர்கள். வீட்டில் 60 ஆம்பியர் பிரேக்கரை அணைத்து, சப்பேனலில் மின்சாரம் இல்லை என்பதை முதலில் வோல்ட் மீட்டரால் உறுதி செய்துவிட்டு, ஃபீடரின் நியூட்ரல் கம்பியை அதன் லக்கிலிருந்து (கம்பியை இறுக்கிப் பிடிக்கும் முனை) கழற்றி ஒதுக்கி வைத்து, அதன்பின் இரண்டு பார்களுக்கும் இடையே அளக்க வேண்டும். அப்போது மீட்டர் மௌனமாக இருந்தால் பிரிவு சரி. அப்போதும் ஒலித்தால் ஏதோ ஒரு வெள்ளைக் கம்பி எர்த் பாரில் மாட்டப்பட்டிருக்கிறது, அல்லது ஏதோ ஒரு கருவிக்குள் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. முடிந்ததும் அந்த நியூட்ரலை அழுத்தமாகத் திரும்ப முறுக்க மறந்துவிடாதீர்கள். இதை எலக்ட்ரீஷியனைக் கொண்டு உங்கள் கண் முன்னால் செய்யவையுங்கள். எல்லாம் ஓடும்போது பச்சை ஃபீடர் கம்பியைச் சுற்றி கிளாம்ப் மீட்டரை மாட்டினால் மின்னோட்டம் கிட்டத்தட்ட பூஜ்யம் என்றே காட்ட வேண்டும்.

ராடை அறுக்கக்கூடாது. பாறை இடித்தால் செங்குத்திலிருந்து 45 பாகைக்கு மிகாமல் சாய்த்து அடிக்கலாம். அதற்கும் பாறை இடம் கொடுக்காவிட்டால் குறைந்தது 30 அங்குல ஆழப் பள்ளத்தில் கிடையாகப் புதைக்கலாம். ஆஸ்டின் மேற்கில் அந்தப் பள்ளத்துக்கே பாறை உடைக்கும் இயந்திரம் வேண்டியிருக்கும், அது ஒப்பந்ததாரரின் தலைவலி.

வளையத்தைப் பொறுத்தவரை, குளத்தின் உட்சுவரிலிருந்து 3 அடி வரையுள்ள நடைபரப்பு முழுவதும் பாண்டிங்குக்கு உட்பட்டது. செம்புக் கம்பி வழியைத் தேர்ந்தெடுத்தால், 8 கேஜ் ஒற்றை இழை வெறும் செம்பு குளத்தின் வடிவத்தைப் பின்பற்றி, உட்சுவரிலிருந்து 18 முதல் 24 அங்குலத் தொலைவில், தளத்துக்கடியில் 4 முதல் 6 அங்குல ஆழத்தில் ஓட வேண்டும். பல இழை முறுக்கிய கம்பி கூடாது. உங்கள் ஷெல்லின் கம்பிக்கூட்டோடு குறைந்தது நான்கு இடங்களில், சுற்றளவில் சீராகப் பிரித்து இணைக்க வேண்டும். கம்பிக்கூடு கட்டுக்கம்பியால் இறுக்கக் கட்டப்பட்டிருந்தால் அதுவே தொடர்ச்சியாக ஏற்கப்படும். ஆனால் எபாக்ஸி பூசிய கம்பி என்றால் ஏற்கப்படாது, தனியாக 12 அங்குலக் கட்டங்களில் செம்பு வலை போட வேண்டும். மண்ணில் புதையும் ஒவ்வொரு கிளாம்பும் நேரடிப் புதைப்புக்கு அங்கீகரிக்கப்பட்ட பித்தளை, செம்பு அல்லது துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். நான் திறந்து பார்த்த பழைய குளம் ஒன்றில், கடையில் மலிவாகக் கிடைக்கும் துத்தநாகக் கிளாம்பு கையில் எடுத்தவுடன் சாம்பல் நிறப் பொடியாக உதிர்ந்தது. கம்பி மட்டும் பளபளப்பாக இருந்தது.

தண்ணீரையும் இணைக்க வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குறைந்தது 9 சதுர அங்குல உலோகப் பரப்பு தண்ணீரைத் தொட்டுக்கொண்டு வளையத்தோடு சேர்ந்திருக்க வேண்டும். உலோக ஏணியோ உலோக விளக்குக் கூடோ நீருக்குள் இருந்து, அது பாண்ட் செய்யப்பட்டிருந்தால் போதும். இப்போதெல்லாம் விளக்குக் கூடும் பிளாஸ்டிக், ஏணியும் இல்லை என்பதால், ஸ்கிம்மரிலோ (மேல்மட்ட நீரை உள்ளிழுக்கும் வாய்) குழாயிலோ அதற்கென்றே ஒரு பாகம் பொருத்த வேண்டியிருக்கிறது.

பம்புக்கு இரண்டு கம்பிகளும் வேண்டும்: பைப்புக்குள் வரும் பச்சைக் கம்பி உள்ளே, 8 கேஜ் வெளியே உள்ள லக்கில். ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஜி.எஃப்.சி.ஐ. பிரேக்கர் 4 முதல் 6 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும். பம்புக்கு அதுவும் கட்டாயம்.

மின்வாரிய ஓய்வாளர்

கான்கிரீட் மூடுவதற்கு முன் ஒவ்வொரு இணைப்பையும், அளவு நாடா தெரியும்படி, படம் எடுத்து வைக்கும்படி ஒப்பந்ததாரரிடம் எழுத்தில் கேளுங்கள். புதைந்த பிறகு யாராலும் நிரூபிக்க முடியாது.

புதுக்குளத்தான்

திருகு கழற்றப்பட்டு, நீங்கள் சொன்ன முறையில் அளந்தபோது மீட்டர் ஒலிக்கவில்லை. வளையத்தில் இரண்டே இணைப்புகள் இருந்தன; நான்காக்கச் சொல்லிவிட்டேன். டெக்சஸ் 2023 செப்டம்பர் முதல் என்.இ.சி.யின் 2023ஆம் ஆண்டுப் பதிப்பைப் பின்பற்றுவதால் நகர இன்ஸ்பெக்டரும் அதன்படியே பார்ப்பார் என்று அறிகிறேன். கடைசியாக ஒன்று: குளத்தின் ஒரு பக்கத்தில் அலுமினிய வேலி வருகிறது. அதையும் இணைக்க வேண்டுமா?

கம்பிவடம்

உட்சுவரிலிருந்து கிடையாக 5 அடிக்குள் வரும் நிலையான உலோகம் எதுவும் வளையத்தில் சேர வேண்டும். நீர்மட்டத்துக்கு மேல் 12 அடி உயரம் வரை இந்தக் கணக்கு பொருந்தும். வேலியை 5 அடிக்கு அப்பால் நிறுத்த முடியுமானால் அப்படியே செய்யுங்கள். முடியாவிட்டால், வேலிக்கால் வரும் இடத்தில் 8 கேஜ் கம்பியில் ஒரு கிளையை இப்போதே வெளியே எடுத்து விடச் சொல்லுங்கள். கான்கிரீட் இறுகிய பிறகு அதற்காகத் தளத்தை வெட்ட வேண்டியிருக்கும்.